சும்மாக்காரியின் மகனுக்கு

என் மகனுக்கு அம்மா எழுதுவது. உன் கடிதம் வந்து சேர்ந்தது. உறையில் அப்பா பெயர்தான் இருந்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசல் வெளிச்சத்தில் நின்று வாசித்தார். பாதியில் நிறுத்தி என்னை ஒரு பார்வை பார்த்தார். மீதியையும் வாசித்து முடித்து, மடித்து என் கையில் கொடுத்து, "எம் பேரப் போட்டு ஒனக்கு எழுதியிருக்கான். நீயே பதில் சொல்லு" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குப் புல் போடப் போய்விட்டார். மனசு சரியில்லை என்றால் மனிதர் மாட்டிடம் போய்விடுவார், உனக்குத்தான் தெரியுமே. அதனால் இந்தப் பதில் என்னுடையது. நீளமாகத்தான் இருக்கும். கடையில் வைத்து வாசிக்காதே. துணி வெட்டுகிற நேரத்தில் கடிதம் வாசித்தால் முதலாளி நானா சத்தம் போடுவார். அறைக்குப் போய், சோறு தின்றுவிட்டு, உட்கார்ந்து வாசி.

கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் பதுளையிலிருந்து வரும்போது லயத்து ஆட்கள் யாரும் அம்மாவை அந்தப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அப்பாவுக்கு எழுதியிருக்கிறாய். கமலம் வாத்தியார் வீட்டுப் பெண், அவர்கள் தப்பாக நினைப்பார்கள் என்கிறாய். அந்தப் பெயரை எழுதக்கூட உன் பேனா கூசியிருக்கிறது. எனக்குக் கூச்சமில்லை, நானே எழுதுகிறேன். சும்மாக்காரி. இந்தத் தேயிலைத் தோட்டத்தில் மேட்டு லயத்து வீடுகள், பள்ளத்து லயத்து வீடுகள், வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பரா, எங்கே கேட்டாலும் அதுதான் என் பெயர். கோயில் வரி தண்டுகிறவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நீ பையனாக இருந்தபோது இந்தப் பெயருக்காக ஒருவனின் நெற்றியைக் கல்லால் உடைத்துவிட்டு வந்தாய். உன்னை அடித்தேன். ஏன் அந்தப் பெயர் என்று நீ அழுதுகொண்டே கேட்டாய். இன்னொரு நாள் சொல்கிறேன் என்றேன். வேலைக்குக் கள்ளம் போடுகிறவள் என்று நீ நினைத்திருப்பாய். அதைவிட மோசமாகவும் நினைத்திருப்பாய், வெளியே சொல்லாமல். இன்றைக்குச் சொல்கிறேன்.

அதற்கு முன்னால், கடிதத்தின் கடைசியில் சிரிப்புக்காக எழுதுவதுபோல் நீ எழுதிய இன்னொன்று. போன ஞாயிற்றுக்கிழமை கமலத்தையும் அவள் தங்கையையும் அழைத்துக்கொண்டு பதுளை டவுனில் இருக்கிற பூங்காவுக்குப் போனாயாம். வாசலில் நின்ற காவல்காரன் என்ன வேலையாக வந்தீர்கள் என்று கேட்டானாம். ஓர் ஆளைத் தேடி வந்தோம் என்று சொல்லிவிட்டு, உள்ளே ஒரு சுற்றுச் சுற்றி, யாரையோ தேடுவதுபோல் மரத்துக்கு மரம் எட்டிப் பார்த்துவிட்டு, உட்காராமலே திரும்பி வந்துவிட்டாயாம். கையில் கடைப் பார்சல் ஒன்றும் வைத்திருந்தாயாம், உள்ளே வெறும் காகிதம்தானாம். கமலம் திரும்பி வரும்போது பேசவே இல்லையாம். நீ சிரித்துக்கொண்டு எழுதியிருக்கிறாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் காவல்காரன் உன்னைத் தடுக்கவில்லை. கேட்டான், அவ்வளவுதான். தடுத்தது உன் வாய்தான்.

அந்தப் பார்சல் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். தோட்டத்தில் நடப்பதற்கு ஒரு காரணம் வேண்டும், அந்தக் காரணம் கையில் தெரியவும் வேண்டும். கத்தி, கயிறு, சாக்கு, வாளி, எதுவானாலும் சரி. வெறுங்கையோடு போகிறவளை யார் வேண்டுமானாலும் நிறுத்தி "எங்க போற?" என்று கேட்கலாம். கங்காணி கேட்பார், காவல்காரன் கேட்பான், கிளாக்கர் வீட்டுச் சமையல்காரன்கூடக் கேட்பான். கையில் ஒரு சாக்கு இருந்தால் கேட்க மாட்டார்கள். உன் அப்பா பண்டாரவளைக்குப் படம் பார்க்கப் போகும்போதுகூட ஒரு சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டுதான் போவார். கொட்டகைக்குள் அதையே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நீ நடக்கப் பழகிய காலத்தில் உன் கையில் ஒரு சுள்ளியைக் கொடுத்துத்தான் பாதையில் விடுவேன். விறகு பொறுக்குகிற பிள்ளை என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று. அந்தச் சுள்ளிதான் இப்போது கடைப் பார்சலாக வந்து நிற்கிறது.

நம் தோட்டத்துக்கு மேலே தட்டைப்பாறைக்கு ஏறும் ஒற்றையடிப் பாதை உனக்கு நன்றாகத் தெரியும். கடைசி மலையைத் தாண்டிப் புல்வெளிக்குள் போய், பாறையைத் தொட்டு, அந்தப் பக்கம் சிங்கள ஊருக்குள் இறங்கி பஸ் ரோட்டில் சேரும். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் அங்கேதான். துணி துவைத்துக் காயப்போட்டு, சோறாக்கி, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, ஏறிவிடுவோம். மேலே ஒன்றும் கிடையாது. காற்று உண்டு, வானம் தெளிந்தால் கீழே மொனராகலைப் பக்கத்துக் காடு நீலமாகத் தெரியும். ஆம்பளைகள் பாறையில் கீறிய கட்டத்தில் ஆடுபுலி ஆடுவார்கள். நாங்கள் காலை நீட்டிக்கொண்டு ஊர்க்கதை பேசுவோம். அந்த ஊரிலிருந்து அப்புஹாமி வருவார். பஸ் ரோட்டில் தேத்தண்ணிக்கடை வைத்திருந்தாரே, அவர்தான். அவருக்கும் அப்பாவுக்கும் ஆடுபுலியில் தீராத பகை. இப்படி உட்காரப் போகும்போதும் எல்லோர் கையிலும் ஒரு கத்தியோ கயிறோ இருக்கும், இறங்கும்போது பேருக்கு நாலு குச்சி ஒடித்துக்கொண்டு வருவோம். வாரம் முழுக்கக் குனிந்தே இருக்கிற முதுகு அங்கே போனால்தான் நிமிரும். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

பிறகு ஒரு புதுத் துரை வந்தார். முந்தினவருக்கு உடம்பு கனம், மலை ஏற மாட்டார். இவர் இளசு, எல்லா இடத்துக்கும் நடப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகளையும் நாயையும் கூட்டிக்கொண்டு தட்டைப்பாறைக்கு வந்துவிட்டார். எங்களைக் கண்டதும் அவருக்கு முகம் போன போக்கு. நாங்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு எழுந்து, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டோம். அப்பா மட்டும் தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு பாறையோரத்தில் நின்றார். வீரம் என்று நினைத்துவிடாதே. அப்புஹாமியின் கடைசிப் புலியை அடைக்க ஒரே ஒரு நகர்த்தல்தான் பாக்கியாம், விட்டுப் போக மனசு வரவில்லையாம். துரைக்குத் தமிழ் அரைகுறை. "உனக்கு இங்கே என்ன வேலை?" என்று கேட்டிருக்கிறார். "வேலை ஒண்ணுமில்லீங்க தொரை" என்றிருக்கிறார் அப்பா. "வேலை இல்லை, அப்போ ஏன் இங்கே?" அப்பா துண்டைக் கையில் பிடித்தபடியே கீழே இறங்கி வந்துவிட்டார். அடுத்த வாரம் புல்வெளி தொடங்குகிற இடத்தில் கம்பிக் கேட் போட்டுப் பூட்டிவிட்டார்கள். பாறைமேல் கனமான மரப்பெஞ்சு ஒன்றைக் கொண்டுபோய் வைத்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டு போனதும் நம் ஆட்கள்தான்.

டவுனுக்குப் போக வண்டிப்பாதை இருக்கிறது, சுற்றுத்தான், ஆனாலும் இருக்கிறது. அதனால் முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. அப்புஹாமிதான் விடவில்லை. அவர் ஊர்க்காரர்களும் அந்த வழியில் நடந்தவர்கள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு பதுளையில் அரசாங்க அதிகாரிகள் இருக்கிற கச்சேரிக்குப் போய், தலைமுறையாக எல்லோரும் நடந்த பாதையை அடைத்துவிட்டார்கள் என்று முறையிட்டார். சங்கதி தோட்டத்துக்கு வந்து சேர எத்தனை நாள் ஆகும். காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் எல்லோர் முன்னாலும் பெரிய கிளாக்கர் அப்பாவைக் கூப்பிட்டு, "கச்சேரியிலருந்து ஆள் வந்து பாக்கப் போறாங்க. பாதை தோட்டத்து வேலைப்பாதைன்னு அவங்க சொல்லிட்டா, அண்ணைக்கே ஒனக்குப் பத்துச்சீட்டு. பொண்டாட்டி புள்ளையோட காம்பராவ விட்டு எறங்கிறணும்" என்றார். பத்துச்சீட்டு என்றால் உனக்குத் தெரியும், வேலையிலிருந்து கழித்துவிட்டோம் என்கிற சீட்டு. சண்டைக்காரன் என்று பேர் வந்தபின் அந்தச் சீட்டோடு போனால் எந்தத் தோட்டமும் சேர்க்காது. அந்த வருடங்களில்தான் நமக்கு ஓட்டும் கிடையாது, நாம் இந்த நாட்டுக்காரர்களும் கிடையாது என்று ஆகியிருந்தது. லயத்தில் இருக்கிற அந்த ஓர் அறைக் காம்பராவை விட்டால் நிற்க ஒரு சாண் மண் இல்லை.

அன்று இரவு அப்பாவோடு சண்டை போட்டேன். "ஒக்கார எடம் வேணும்னு போயி இருக்க எடத்த தொலைக்கப் பாக்குறீங்களே" என்றேன். அவர் விளக்குத் திரியை இறக்கினார். பிறகு, "அந்தாளு என்ன வேலைன்னு கேட்டாரு புள்ள. வேலை இல்லாத நேரத்துல நான் யாருன்னு எனக்கே தெரியல" என்றார். அதற்குமேல் என்னால் சண்டை போட முடியவில்லை. மறுநாள் உன்னை மடுல்சீமைக்கு, அத்தை வீட்டுக்கு அனுப்பினோம். லீவுக்குப் போகிறாய் என்று சொன்னோம், ஆனால் உன் சட்டை அத்தனையையும் மூட்டையில் கட்டினேன். தெருவில் நிற்கிற கதி வந்தால் நீயாவது ஒரு கூரைக்குக் கீழே இருக்கட்டும் என்று. பள்ளிக்கூடம் இருக்கும்போது என்ன லீவு என்று நீ கேட்டாய். கெட்டிக்காரன்தான். பஸ் புறப்பட்டதும் திரும்பிப் பார்க்காமல் முகத்தை வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அந்த முகத்தை நினைத்து நினைத்துத்தான் அந்த வாரம் கொழுந்தெடுத்தேன்.

கச்சேரி ஐயா வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். யாழ்ப்பாணத்து ஆள், ஒல்லி, குடையும் கையுமாக வந்தார். மலையெல்லாம் ஒரே மூடுபனி. கேட்டைத் திறக்கச் சொல்லி, பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டார். ஒருபக்கம் துரையும் பெரிய கிளாக்கரும், மறுபக்கம் அப்பாவும் அப்புஹாமியும். "வழக்கமா வாற ஆக்கள் வரட்டும். நான் அவையளைத்தான் கேப்பன். நீங்கள் ஒருத்தரும் வாய் திறக்கப்படாது" என்று சொல்லிவிட்டார். அவர் பார்க்க வந்தது இவ்வளவுதான். ஆட்கள் தோட்டத்து வேலைக்காக அந்தப் பாதையில் நடக்கிறார்கள் என்றால் அது தோட்டத்துப் பாதை, துரை மூடலாம். யார் உத்தரவும் இல்லாமல், தங்கள் பாட்டுக்கு, தங்கள் இஷ்டத்துக்கு நடக்கிறார்கள் என்றால் அது எல்லோருக்கும் பொது. ஐயா பார்க்க வருகிறார் என்று மட்டும்தான் அப்பா முதல்நாள் ராத்திரி லயம் லயமாகப் போய்ச் சொல்லியிருந்தார். "எப்பவும் போல வாங்க" என்று சொல்லியிருந்தார். அங்கேதான் கோட்டை விட்டார்.

எப்பவும் போலத்தான் வந்தார்கள். முதலில் காளியம்மா அக்கா, இடுப்பில் கத்தி, தோளில் கயிறு. "எங்கை போறியள்?" என்று ஐயா கேட்டார். "வெறகுக்குங்க." அடுத்தவள் சாக்கோடு வந்தாள். "புல்லுக்குங்க ஐயா." அதற்கடுத்து வந்தவன் மண்வெட்டியைத் தோளில் போட்டிருந்தான். "கான் வெட்டப் போறேங்க" என்றான். ஞாயிற்றுக்கிழமையில் யாராவது மழைத்தண்ணீர் ஓடுகிற கான் வெட்டுவார்களா, நீயே சொல். துரை பைப்பைப் பற்றவைத்துக்கொண்டு மெதுவாகச் சிரித்தார். "என் ஆள். என் வேலைக்குப் போறது" என்றார் ஐயாவைப் பார்த்து. ஐயா தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். ஒருவர்கூட நம்மைக் காட்டிக்கொடுக்க நினைக்கவில்லை, மகனே. நல்ல பெயர் வரட்டும் என்றுதான் அப்படிச் சொன்னார்கள். சோம்பேறிகள், ஊர் சுற்றிகள் என்று பெரியவர் நினைத்துவிடக் கூடாது, அப்படி நினைத்தால் உன் அப்பாவுக்குத்தான் கெடுதல் என்று நினைத்து, ஆளுக்கொரு வேலையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். ஒவ்வொரு பதிலுக்கும் அப்பாவின் தலை கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்துகொண்டே வந்தது.

நான் பின்னால் நின்றேன். என் இடுப்பிலும் கத்தி இருந்தது. தலையில் சாக்கு மடித்துப் போட்டிருந்தேன். அது எப்படி வந்தது என்று கேட்டால் எனக்கே தெரியாது, காலையில் புறப்படும்போது கை தானாக எடுத்திருக்கிறது. எனக்கு முன்னால் நின்றவள் அடுப்புக்குச் சுள்ளி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இதே வரிசையில் நானும் போய் விறகுக்கு என்று சொல்லப் போகிறேன், அதோடு நம் கதை முடிந்தது. சொல்லாவிட்டால் வேறு என்ன சொல்வது? உள்ளதைச் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு பொம்பளை, ஆம்பளைகள் இத்தனை பேர் நடுவில், வேலைவெட்டி இல்லாமல் மலையில் போய் உட்காரப் போகிறேன் என்று எப்படிச் சொல்வாள்? சும்மா திரிகிறவள் என்றால் அதற்கு லயத்தில் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். திரும்பி ஓடிவிடலாமா என்றுகூட இருந்தது. மடுல்சீமை பஸ்ஸில் முகத்தை வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த உன் முகம்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது.

சாக்கை எடுத்துக் கீழே போட்டேன். கத்தியை உருவி அதன்மேல் போட்டேன். இரண்டு கையையும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஐயா நிமிர்ந்து பார்த்தார். "எங்கை போறியள்?"

"சும்மாங்க."

பெரிய கிளாக்கருக்குப் பொறுக்கவில்லை. "என்னடி சும்மா? ஊர் சுத்தவா வர்ற?" என்றார். ஐயா கையைத் தூக்கி அவரை அடக்கினார். "அவ சொல்லட்டும். பயப்பிடாமல் சொல்லுங்கோ."

"சும்மாதாங்க ஐயா. மேல பாறையில போயி ஒக்காருவோம். காத்து வாங்குவோம். அவுக ஆடுபுலி ஆடுவாக, நாங்க பேசிக்கிட்டு இருப்போம். வெயில் சாஞ்சா எறங்கிருவோம்."

"ஆர் உங்களைப் போகச் சொன்னது? தோட்டத்திலை ஆரும் சொன்னவையே?"

"ஒருத்தரும் சொல்லலீங்க. கல்யாணமாகி வந்த நாள்லருந்து போறோம்."

"வேற அலுவல் ஒண்டும் இல்லையோ?"

"இல்லீங்க. வெறகு கீழயே கெடக்கு. வெறகுக்கு யாரு அம்புட்டுத் தூரம் ஏறுவா?"

துரை பைப்பை வாயிலிருந்து எடுத்தார். இப்போது சிரிப்பு இல்லை. என்னவோ இங்கிலீஷில் வேகமாகச் சொன்னார். பெரிய கிளாக்கர் அதைத் தமிழில் சொன்னார். ஒரு பொம்பளை சொல்வதற்கு என்ன அத்தாட்சி, எல்லோரும் வேலை என்கிறார்கள், இவள் புருஷனைக் காப்பாற்ற இட்டுக்கட்டுகிறாள். அதுவும் நியாயமான கேள்விதான். ஐயா என்னைப் பார்த்தார். "ஆடுபுலி எண்டு சொன்னியள். அந்தக் கட்டம் கிடக்குதோ?" "கெடக்குங்க, பாறையில கீறியிருக்கு" என்றேன். வாய் சொல்லிவிட்டது. அவர் எழுந்து குடையை ஊன்றிக்கொண்டு நடக்கத் தொடங்கினார். நாங்கள் எல்லோரும் பின்னால் போனோம். வாழ்நாளில் அந்தப் பாதை அவ்வளவு நீளமாக இருந்ததில்லை.

மேலே போனால் கட்டத்தைக் காணோம். பாறையின் நடுவில் துரையின் பெஞ்சு உட்கார்ந்திருக்கிறது. அகலமான பெஞ்சு, கீழே ஒரு சட்டமும் போட்டு, பாறையோடு பாறையாக. எனக்கு உயிரே போய்விட்டது. ஐயா சுற்றிப் பார்த்தார். "எங்கை?" என்றார். "அதுக்குக் கீழ இருக்குங்க" என்றேன். பெஞ்சைத் தூக்க வேண்டும். அத்தனை ஆம்பளைகள் நின்றார்கள். அதைத் தோளில் சுமந்து கொண்டுவந்து வைத்தவர்களும் நின்றார்கள். துரை வைத்த பெஞ்சில் கை வைக்க ஒருவருக்கும் வரவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பனி எங்களுக்கு நடுவிலே வந்துபோய்க்கொண்டிருந்தது. ஐயா குடையை என்னிடம் கொடுத்தார். குனிந்து பெஞ்சின் ஒரு தலைப்பைத் தானே பிடித்தார். அப்புறம்தான் உன் அப்பா நகர்ந்து வந்து, தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மறு தலைப்பைப் பிடித்தார். துரைக்கு முன்னால் தலைத்துண்டை அவிழ்க்காமல் அவர் நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கீழே கட்டம் இருந்தது. மழையும் காலும் காயும் பட்டுப் பட்டுக் கோடெல்லாம் விரல் புதைகிற ஆழத்துக்கு வழுவழுவென்று இருந்தது. பக்கத்திலேயே சதுரத்துக்குள் சதுரமாக இன்னொரு கட்டம், அது சிங்கள ஊர் ஆட்கள் விளையாடுவது. ஐயா குந்திக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து லேஞ்சியை எடுத்து ஈரத்தைத் துடைத்தார். இரண்டையும் விரலால் தடவிப் பார்த்தார். "இது ஆருடைய கட்டம்?" என்று சதுரத்தைக் காட்டிக் கேட்டார். அப்புஹாமி முன்னால் வந்தார். "நம்ம அப்பா காலம் இருந்து இருக்கி ஐயா. அன்னிக்கி ஆடினது அந்த ஆடுபுலி. ஆட்டம் முடியல்ல, தொரை வந்தது" என்று சொல்லி உன் அப்பாவை முறைத்தார். அந்த நேரத்திலும் மனிதருக்கு அதுதான் ஞாபகம். ஐயா எழுந்து துரையிடம் இங்கிலீஷில் இரண்டொரு வார்த்தை சொன்னார். எங்களுக்குப் புரியவில்லை. துரையின் கழுத்து சிவந்துபோனதைப் பார்த்தோம்.

அதற்குப் பிறகு உத்தரவு வருகிற வரைக்கும் நாங்கள் பட்ட பாடு தனி. அடுப்பில் உலை வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கிளாக்கர் வீட்டுப் பையன் வந்தால்கூட எழுந்து நின்றுவிடுவேன். கடைசியில் வந்தது. பாதை பொது, கால்நடையாக யாரும் போகலாம், கேட்டை எடுக்க வேண்டும். கேட்டை எடுத்த நாளில்தான் உன்னைக் கூட்டிவர மடுல்சீமைக்கு வந்தேன். நீ என்னோடு பேசவில்லை, அத்தை வீட்டுக் கோழிக்குஞ்சு வேண்டும் என்று மட்டும் கேட்டாய். பத்துச்சீட்டு வரவில்லை. ஆனால் அந்தத் துரை சீமைக்குப் போகும் வரை உன் அப்பாவுக்கு மேல்மலையில் கான் வெட்டுகிற வேலைதான், அட்டைக் கடியும் குளிரும். அவர் ஒரு நாளும் முனகவில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை பாறைக்குப் போய், பழைய ஆட்டத்தில் காய்கள் நின்ற இடத்திலேயே கல்லை அடுக்கிவைத்து, அப்புஹாமியின் புலியை அடைத்தார். காய் அங்கே நிற்கவில்லை என்று அப்புஹாமி இன்றைக்கும் சாதிக்கிறார்.

எனக்குக் கிடைத்தது இந்தப் பெயர். அன்று மாலையே மேட்டு லயத்தில் ஆரம்பித்துவிட்டது. சிலர் மெச்சிச் சொன்னார்கள், சிலர் பல்லை இளித்துக்கொண்டு சொன்னார்கள். நாளாக நாளாக ஏன் வந்தது என்பதை எல்லோரும் மறந்துவிட்டார்கள், பெயர் மட்டும் நின்றுவிட்டது. உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். உனக்கு அப்போது சொல்லியிருந்தால் பெருமையடித்துக்கொண்டு துரை பங்களா வரைக்கும் போய்ச் சொல்லியிருப்பாய், வாய் அடங்காத பிள்ளை. பிறகு நீ அந்தப் பெயரைக் கேட்டால் தலையைக் குனிந்துகொள்ள ஆரம்பித்தாய். அப்போது சொல்ல எனக்கு ரோஷமாக இருந்தது.

அதனால், கல்யாணத்தன்று யாரும் அந்தப் பெயரைச் சொல்லாமல் பார்த்துக்கொள்ள நான் யாரையும் கேட்கப் போவதில்லை. கூப்பிட்டால் என்ன என்று திரும்பிப் பார்ப்பேன். வாத்தியார் குடும்பம் கேட்டால் நானே சொல்லிக்கொள்கிறேன், அவர்களுக்கும் ஒரு நாள் பாறையைக் காட்டுகிறேன். உன் கல்யாணம் உன் சந்தோஷம், அதில் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் அதற்கு முன்னால் எனக்காக ஒன்று செய். வருகிற ஞாயிற்றுக்கிழமை கமலத்தையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு அதே பூங்காவுக்குப் போ. பார்சல் வேண்டாம், பை வேண்டாம், குடைகூட வேண்டாம், மழை வந்தால் நனையட்டும். அந்தக் காவல்காரன் மறுபடியும் கேட்பான். கையை எங்கே வைப்பது என்று தெரியாது. அன்றைக்கு எனக்கும் தெரியவில்லை. ஆளைத் தேடி வந்தோம் என்று மட்டும் சொல்லிவிடாதே. உள்ளதைச் சொல், உள்ளே போ, நல்ல நிழலாகப் பார்த்து உட்கார். பொழுது சாயும்வரை எழுந்திருக்காதே. இப்படிச் சொல்ல எங்கே படித்தீர்கள் என்று கமலம் கேட்டால் மழுப்பாமல் என் பெயரைச் சொல். அம்மா என்று சொன்னால் போதாது. எந்தப் பெயர் என்று உனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
சும்மாக்காரி